ட்ரிப்புக்கு யார் யார் வருகினம்? வாண்டர்ஃபோகல் இயக்கத்தின் கதை

எக்ஸாம் முடிய எந்த பட்ச்சிலும் ஒரு ட்ரிப் கதை வரும். வட்ஸ்அப்பில் புதுசாக ஒரு குறூப் திறபடும். எல்ல போவமா, பாசிக்குடா போவமா, நுவரெலியா போவமா என்று இருநூறு மெசேஜ் ஓடும். பிறகு மூன்று கேள்விகளில் ஏதாவது ஒன்றில் வந்து கதை நின்றுவிடும். ஆளுக்கு எவ்வளவு காசு? யார் முடிவெடுக்கிறது? யார் யார் வருகினம்? ட்ரிப் போனபிறகு வருகிற சண்டைகளைப் பிரித்துப் பார்த்தாலும் இந்த மூன்றுக்குள்தான் அடங்கும்.

சனம் கூட்டமாகப் பயணம் போவது புதிய விசயம் இல்லை. யாத்திரைக்குப் போயிருக்கினம், வியாபாரத்துக்குப் போயிருக்கினம், படையாகப் போயிருக்கினம். எங்கட சனம் கிழக்குக் கரையால் கதிர்காமத்துக்கு நடந்து போனதும் நேர்த்தியோடு போன பயணம்தான். ஆனால் ஒரே வயதுப் பெடியள், பெரியாக்களும் இல்லாமல், கும்பிடவோ விற்கவோ ஒன்றும் இல்லாமல், சும்மா சேர்ந்து திரிவதற்கென்றே வெளிக்கிடுவது வேறு விசயம். அதை ஒரு இயக்கமாகவே ஆக்கிக் காட்டியவர்களில் முக்கியமானவர்கள் ஜேர்மனியப் பள்ளிக்கூடப் பெடியள். அந்த இயக்கத்தின் பெயர் வாண்டர்ஃபோகல். வலசை போகும் பறவை என்று அர்த்தம். மேலே சொன்ன மூன்று கேள்விகளும் அவர்களுக்கும் வந்தன. முதல் இரண்டுக்கும் அவர்கள் கண்ட பதில்கள் இன்றைக்கும் உதவும். மூன்றாவதில் அவர்கள் விட்ட பிழை இன்றைக்கும் எச்சரிக்கும்.

கதை பேர்லினுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டெக்லிட்ஸ் என்ற ஊரில் தொடங்குகிறது. அங்கே ஒரு ஆண்கள் உயர்பள்ளி. அது கைசர் ஆட்சிக்காலம். பள்ளிக்கூடம் என்றால் லத்தீன், கிரேக்கம், ஒழுக்கம், கீழ்ப்படிவு. லீவு என்றால் தாய் தகப்பனோடு சட்டை கசங்காமல் போய்வருவது. 1896இல் ஹெர்மன் ஹொஃப்மன் என்ற பல்கலைக்கழக மாணவர் அந்தப் பள்ளியில் சுருக்கெழுத்து சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். வகுப்புக்கு வந்த பெடியளைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் காடுகளில் நடக்கப் போனார். சுருக்கெழுத்தை விட நடைதான் பிடித்துப்போனது. 1899 கோடை லீவில் இருபது பேரளவில் பொஹீமியக் காட்டுப்பக்கம் கிழமைக்கணக்கில் நடந்து திரிந்தார்கள்.

ஹொஃப்மன் தூதரக வேலைக்காகத் துருக்கிக்குப் போய்விட, கார்ல் ஃபிஷர் என்ற பெடியன் பொறுப்பெடுத்தான். ஒரு சிக்கல் இருந்தது. பள்ளி மாணவர்கள் சங்கம் அமைக்க அந்தக் காலத்தில் அனுமதி இல்லை. ஃபிஷர் அதற்கு ஒரு வழி பிடித்தான். பெற்றோரையும் ஊரில் மதிப்பான ஆட்களையும் கொண்டு 'மாணவர் பயணங்களுக்கான குழு' என்று ஒன்றைக் கடதாசியில் அமைத்தான். 1901 நவம்பர் 4ஆம் திகதி, ஸ்டெக்லிட்ஸ் நகரசபைக் கட்டடத்து உணவகத்தின் பின்னறையில் அது தொடங்கியது. கடதாசியில் பெரியாக்கள், காட்டில் பெடியள். வீட்டுக்கு ஒரு கதை சொல்லி, லெட்டரில் ஒரு சேரின் கையெழுத்து வாங்கி ட்ரிப் போகிற எங்களுக்கு இது விளங்காத விசயம் இல்லை.

இனி அந்த மூன்று கேள்விகளுக்கு வருவம்.

முதலாவது காசு. வாண்டர்ஃபோகல் பெடியள் அநேகம் பேர் நடுத்தர வர்க்கத்து வீட்டுப் பிள்ளைகள். ஹொட்டலில் தங்க வசதியான வீடுகளும் அதற்குள் இருந்திருக்கும். ஆனாலும் அவர்களின் வழக்கம் வேறாக இருந்தது. நடந்துதான் போகவேணும். இரவில் ஏதாவது ஒரு கமக்காரனிடம் கேட்டு அவன்ர வைக்கோல் கொட்டிலில் படுப்பார்கள். ஸ்பிரிட் அடுப்பில் ஒரே பானையில் எல்லாருக்கும் சமையல். இதில் ஒரு நல்ல பக்கம் இருக்கு. ஒரே பானையில் சாப்பிடும்போது எவன்ர பொக்கற்றில் எவ்வளவு இருக்கு என்பது வெளியில் தெரியாது. தகப்பன் நீதவானோ கடைக்காரனோ, கஞ்சி ஒன்றுதான். காசுப் பிரச்சினையை அவர்கள் வாயால் பேசித் தீர்க்கவில்லை. வசதியைக் குறைத்துத் தீர்த்தார்கள்.

இரண்டாவது, யார் முடிவெடுக்கிறது. இதில்தான் வாண்டர்ஃபோகல் அடிக்கடி உடைந்தது. ஃபிஷர் நல்ல அமைப்பாளன். ஆனால் தன் சொல்தான் கடைசிச் சொல் என்று நினைக்கிற ஆள். மத்தியகால நாடோடி மாணவர்களின் பட்டங்களை எடுத்து அடுக்கடுக்காகப் பதவிகள் வைத்து, தன்னை எல்லாருக்கும் மேலே வைத்தான். மூன்று வருசம்கூட நிம்மதியாக ஓடவில்லை. 1904இல் இயக்கம் இரண்டாகப் பிரிந்தது. 1907இல் இன்னொரு பிரிவு உருவானது. அது குடிக்கக்கூடாது என்றது, பெட்டையளையும் சேர்த்துக்கொண்டது. 1910இல் இன்னுமொன்று பிரிந்தது. எங்கட ஊர்க் கழகங்கள், கட்சிகளின் கதையை வாசிக்கிற மாதிரித்தான் இருக்கும்.

மேலே இவ்வளவு உடைந்தும் இயக்கம் சாகவில்லை. ஏனென்றால் உண்மையான பயணம் நடந்தது கீழே, சின்னச் சின்னக் குழுக்களில். ஒரு ஊரில் ஒன்றாகத் திரிகிற கொஞ்சப் பேர், அவர்களை விட இரண்டு மூன்று வயது கூடின ஒரு தலைவன். அவன் வாத்தியார் இல்லை, அவனும் அதே பானையில்தான் சாப்பிடுகிறான். அவன் பிடிக்காவிட்டால் அடுத்த முறை அவனோடு போகாமல் விடலாம். ஐம்பது பேருக்கு ஒரு முடிவு என்பது பஸ்ஸுக்குச் சரிவரும், பயணத்துக்குச் சரிவராது என்று இதை வாசிக்கும்போது எனக்குப் பட்டது.

ஆனால் நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைக்கு வைக்கோலில் படுப்பது ஒரு விளையாட்டு. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த விளையாட்டுக்கும் வழி இல்லை. இதைக் கவனித்தவர் ரிச்சர்ட் ஷிர்மன். அல்டெனா என்ற தொழிற்சாலை நகரத்தில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியில் கூட்டிக்கொண்டு போய்ப் படிப்பிக்கிற பழக்கம் உள்ளவர். 1909 ஓகஸ்ட் 26ஆம் திகதி, மாணவரோடு நாட்கணக்கான நடைப்பயணம் ஒன்றில் இருந்தபோது இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. லீவில் வெறுமையாகக் கிடந்த ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் வைக்கோலைப் பரப்பிப் பிள்ளைகளைப் படுக்கவைத்தார். அன்றிரவு அவருக்கு வந்த யோசனை மிகச் சுலபமானது. லீவு நாளில் எல்லா ஊரிலும் பள்ளிக்கூடங்கள் பூட்டித்தானே கிடக்கின்றன, ஒரு நாள் நடைத்தூரத்துக்கு ஒன்று என்று அவற்றைத் தங்குமிடமாக்கினால் என்ன?

அந்த யோசனைதான் இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கிற யூத் ஹொஸ்டல். 1912இல் அல்டெனாவின் பழைய கோட்டைக்குள் நிரந்தரமான முதல் ஹொஸ்டல் உருவானது. அடுக்குக் கட்டில், குறைந்த காசு, படுக்கையை நீதான் விரிக்கவேணும், கூட்டிப் பெருக்குவதும் உன் வேலை, குறித்த நேரத்துக்கு விளக்கு அணையும். சின்னச் சட்டங்கள்தான். ஆனால் பயணத்தில் வருகிற சண்டைகளில் பாதி, யார் கழுவுறது, யார் நித்திரை கொள்ள விடேல்ல என்பதுதானே. 1930களின் தொடக்கத்தில் ஜேர்மனியில் மட்டும் 2,000க்கு மேற்பட்ட ஹொஸ்டல்கள் இருந்தன. 1932இல் சர்வதேச அமைப்பு ஒன்று உருவானபோது ஷிர்மன்தான் அதன் முதல் தலைவர். ஃபிஷரைவிட ஷிர்மனிடம் எனக்கு மரியாதை கூட. ஃபிஷர் தன் நண்பர்களுக்கு வழி தேடினார். ஷிர்மன் வரமுடியாத பிள்ளைகளை யோசித்தார்.

மூன்றாவது கேள்வி, யார் யார் வருகினம்.

1913 ஒக்டோபரில் கஸ்ஸல் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மைஸ்னர் மலையில் ஜேர்மனிய இளைஞர் அமைப்புகள் கூடின. அரசும் பெரியாக்களும் லைப்சிக் போர் வெற்றியின் நூற்றாண்டை ஆரவாரமாகக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம். இவர்கள் அதற்கு மாற்றாக மலையில் கூடினார்கள். தங்கள் வாழ்க்கையைத் தாங்களே தீர்மானிப்போம், அதற்குத் தாங்களே பொறுப்பெடுப்போம், உள்ளுக்குள் உண்மையாக இருப்போம் என்று அறிவித்தார்கள். குடியும் புகையும் இல்லை. சில ஆயிரம் பேர், பாட்டு, நெருப்பு, மலை.

அதே 1913இல் சிட்டாவ் என்ற நகரத்து வாண்டர்ஃபோகல் கிளை ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுத்தது. அவள் யூதப் பிள்ளை என்பதுதான் காரணம். பத்திரிகைகளில் பெரிய வாக்குவாதம் கிளம்பியது. 1914இல் இயக்கத்தின் மாநாடு கூடி ஒரு முடிவுக்கு வந்தது. யூதர்களுக்குப் பொதுத் தடை எதுவும் இல்லை, ஆனால் யாரைச் சேர்ப்பது என்பதை அந்தந்தக் கிளையே தீர்மானிக்கலாம். வாசிக்க நியாயமான முடிவு போல இருக்கும். நண்பர்கள் குழுதானே, யாரோடு ஒத்துப்போகும் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்? நடைமுறையில் அதன் அர்த்தம், கதவைப் பூட்டுகிறவன் பூட்டலாம், நாங்கள் பார்க்கமாட்டோம் என்பதுதான். யூத இளைஞர்கள் ஏற்கெனவே 1912இல் பிரெஸ்லாவில் 'நீலம் வெள்ளை' என்ற பெயரில் தங்களுக்கென்று ஒரு நடைப்பயண அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள்.

குழு ஒற்றுமையாக இருக்க இரண்டு வழி இருக்கு. வித்தியாசமானவர்களோடு ஒத்துப்போகப் பழகலாம். அல்லது வித்தியாசமானவர்களைச் சேர்க்காமலே விடலாம். இரண்டாவது லேசு. அந்தக் கிளைகள் லேசானதைத்தான் எடுத்தன.

பிறகு முதலாம் உலகப்போர் வந்தது. மலையில் பாடின பெடியள் ஏராளம் பேர் திரும்பவில்லை. வாண்டர்ஃபோகலின் புகழ்பெற்ற பாட்டுப் புத்தகத்தை 1909இல் தொகுத்த ஹான்ஸ் பிரொயர், மருத்துவராகப் போய் 1918இல் வெர்டன் பக்கத்தில் செத்துப்போனார். 1933இல் ஹிட்லர் வந்ததும் சுயமான இளைஞர் அமைப்புகள் கலைக்கப்பட்டன, அல்லது ஹிட்லர் இளைஞர் படைக்குள் இழுக்கப்பட்டன. கூடாரம், கிற்றார், கூட்டுச் சமையல், இரவு நெருப்பு எல்லாவற்றையும் நாஸிகள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஹொஸ்டல்களும் அவர்கள் கைக்குப் போயின. ஷிர்மன் ஓரங்கட்டப்பட்டார். போர் முடிந்தபிறகுதான் அவரால் அந்த வேலையை மறுபடி தொடங்க முடிந்தது.

வாண்டர்ஃபோகல்தான் நாஸிகளை உருவாக்கியது என்று சொல்லமுடியாது. அதே மரபில் இருந்து எதிராகப் போனவர்களும் இருக்கினம். வெள்ளை ரோஜா குழுவின் ஹான்ஸ் ஷோல், தடைசெய்யப்பட்ட இளைஞர் குழு வேலைகளுக்காக 1937இல் ஒருமுறை கைதானவர். 1943 பெப்ரவரி 22இல் கொல்லப்பட்டார். றைன் ஆற்றுப் பக்கத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் 'எடெல்வைஸ் கொள்ளையர்' என்ற பெயரில் திரிந்தார்கள். ஹிட்லர் இளைஞர் படை ஆணையும் பெண்ணையும் பிரித்துவைத்தது, இவர்கள் சேர்ந்தே போனார்கள். சனி ஞாயிறில் காட்டுக்குப் போய், படையின் பாட்டுகளை நக்கலாக மாற்றிப் பாடினார்கள். 1944 நவம்பர் 10ஆம் திகதி கொலோன் நகரத்தில் 13 பேர் விசாரணை இல்லாமல் பகிரங்கமாகத் தூக்கிலிடப்பட்டார்கள். அதில் இந்தக் குழுக்களோடு திரிந்த பெடியளும் இருந்தார்கள். பார்தொலொமொய்ஸ் ஷிங்குக்கு வயது 16. நினைத்த ஆட்களோடு நினைத்த இடத்துக்குப் போவது ஒரு அரசுக்கு எவ்வளவு பயமான விசயம் என்பது இதில் தெரியும். பாஸ் எடுத்து, சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, ஏ9 பாதை எப்ப திறக்கும் எப்ப பூட்டும் என்று பார்த்திருந்த எங்கட அம்மா அப்பாக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எங்களுக்கு அந்தப் பாதை திறந்து கிடக்கு. நாங்கள் யாருக்கும் சிட்டாவ் கிளை மாதிரித் தடை போடுவதில்லை. ஆனால் 1914 மாநாடு போட்ட மாதிரியான முடிவை அடிக்கடி போடுகிறோம். ஆளுக்குப் பன்னிரண்டாயிரம் என்று குறூப்பில் விழுந்ததும் ஒருத்தனுக்குத் திடீரென்று காய்ச்சல் வரும். இரவு தங்கவேணும் என்றால் நாலு பெட்டையள் சத்தமில்லாமல் விலகுவினம். சாப்பாடு ஹலாலா என்று கேட்கக் கூச்சப்பட்டு ஒரு நண்பன் வராமல் விடுவான். கால் ஏலாத ஒருத்திக்கு முன்னால் மலையேறுகிற ப்ளான் போடுவோம். சிங்கள நண்பர்களைக் கேட்டால் பாட்டு, கதை எல்லாம் மாறிப்போகும் என்று கேட்காமலே விடுவோம். யாரும் வரவேண்டாம் என்று சொல்லேல்ல. வராமல் விட்டவையைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. ட்ரிப் முடிய 'சண்டையே இல்லாத ட்ரிப் மச்சான்' என்று ஸ்டேட்டஸ் போடுவோம்.

ஸ்டெக்லிட்ஸ் பெடியளிடமும் அல்டெனா வாத்தியாரிடமும் இருந்து எடுக்கக்கூடியதை இப்படிச் சொல்லலாம். இடத்தை முடிவெடுக்கிறதுக்கு முதல் ஆட்களை முடிவெடுங்கோ. எவ்வளவு ஏலும் என்று ஒவ்வொருத்தரும் ஒரே ஒரு ஆளிடம் தனியாகச் சொல்லட்டும், ஆகக் குறைந்த தொகைதான் எல்லாருக்கும் தொகை. அந்தக் காசுக்குச் சரிவாற இடத்துக்குப் போவம், தேவையெண்டால் சமைச்சுச் சாப்பிடுவம். பொறுப்பாள் ஒவ்வொரு நாளும் மாறட்டும். ஆள் கூடினால் சின்னக் குழுக்களாகப் பிரிஞ்சு திரிஞ்சு, இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்றாகச் சேருவம். யார் கழுவுறது, எத்தனை மணிக்கு லைற் நிற்பாட்டுறது என்பதை வெளிக்கிட முதலே பேசுவம். இரவு தங்க ஏலாதவை இருந்தால் ஒரு நாளாவது பகல் பயணமாக வைப்பம்.

இப்படிப் போட்டால் எல்லவுக்குப் போகிற ப்ளான் கசூரினா கடற்கரைக்கோ கல்லடிக்கோ சுருங்கலாம். ஃபோட்டோ அவ்வளவு வடிவாக வராது. வாக்குவாதமும் கொஞ்சம் கூடத்தான் வரும், ஏனென்றால் இந்த முறை எல்லாரும் வந்திருப்பினம்.