தொட்டிக்குள் அடங்கிய காட்டுச்செடி

மூணு வருஷத்துக்கு முன்னாடி, கிறிஸ்துமஸ் சமயத்துல ஒரு நர்சரியில் பாயின்செட்டியா தொட்டி வாங்கினேன். ஒரு அடி உயரம், உச்சி முழுக்க சிவப்பு. சிவப்பெல்லாம் கொட்டினதும் தோட்டத்து மூலையில் நட்டு வைத்தேன். இப்போ என் தலைக்கு மேலே நிற்கிறது! "வேற செடியைக் கொடுத்து உங்களை ஏமாத்திட்டாங்க" என்று தங்கமணி தீர்ப்பே சொல்லியாச்சு. கொஞ்சம் படித்துப் பார்த்ததில், செடி அதேதான், அந்த ஒரு அடி உயரம்தான் பொய் என்று தெரிந்தது.

இது மெக்சிகோவின் காட்டுச்செடி. நம்ம கள்ளி, ஆமணக்கு குடும்பம். ஒடித்தால் பால் வரும். அங்கே பத்தடிக்கு மேல் வளரும். நாம் பூ என்று நினைக்கும் சிவப்பு வெறும் இலைதான், நடுவில் இருக்கும் மஞ்சள் மணிகள்தான் பூ. நவாட்டில் மொழியில் இதன் பேர் குவெட்லஷோச்சிட்டில். 1820களின் கடைசியில் அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த ஜோயல் பாயின்செட் இதை ஊருக்கு அனுப்ப, அவர் பேரே ஒட்டிக்கொண்டது. 1838ல் செரோக்கி மக்களை சொந்த மண்ணிலிருந்து கூண்டோடு வெளியேற்றியபோது போர்த்துறைச் செயலாளரும் இதே மனுஷன்தான்.

சரி, செடி குட்டையானது எப்படி? அந்தக் கதை நெல்வயலில் ஆரம்பிக்கிறது. ஜப்பானியர்கள் 'முட்டாள் நாற்று' என்று சொல்லும் ஒரு நோய் உண்டு. நாற்று வெளிறி, நெடுநெடுவென்று வளர்ந்து, சாய்ந்துவிடும். 1926ல் தைவானில் குரோசாவா என்பவர், ஒரு பூஞ்சை சுரக்கும் பொருள்தான் இதற்குக் காரணம் என்று காட்டினார். அதுதான் ஜிப்ரலின். செடிகளே அதைத் தமக்குள் தயாரிக்கின்றன என்பது பின்னால் தெரிந்தது.

1960ல் அமெரிக்காவில் டோல்பர்ட், குளோர்மெக்வாட் என்ற ரசாயனம் செடியைக் குட்டையாக்குவதை வெளியிட்டார். கடையில் அதன் பேர் சைக்கோசெல். ஜிப்ரலின் உருவாவதை இது தடுக்கும். கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி சுருங்கும், இலை கரும்பச்சையாகும். கலிபோர்னியாவில் எக்கி குடும்பம் வயலில் வளர்த்து விற்ற செடி, 1960களில் பசுமைக்குடிலுக்குள் தொட்டிச்செடியானது. லாரியில் அடுக்கலாம், மேசையில் வைக்கலாம், வியாபாரம் ஜோர்! பிறகு குட்டை ரகங்களும் வந்தன, ஆனாலும் மருந்து அடிப்பது நிற்கவில்லை.

ஆனா பாருங்க, மருந்து செடியின் பரம்பரையைத் தொடுவதில்லை. நாளாக ஆக அதன் வேகம் குறைஞ்சிடும், வேருக்கு இடம் கிடைத்தால் செடி பழைய குணத்துக்குத் திரும்பிடும். ஊர் போச்சு, பேர் போச்சு, உயரம் மட்டும் எங்க வீட்டு மூலையில் திரும்பி வந்திருக்கு. நர்சரிக்காரர் மேல கோபமில்லை. 'இது வளரும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளி நட்டிருப்பேன். தங்கமணி வெட்டச் சொல்றாங்க, எனக்கு மனசு வரலை.

கொசுறு: தொட்டிச்செடி கொத்தாகக் கிளைப்பதற்குக் காரணம் பைட்டோபிளாஸ்மா என்ற ஒரு கிருமி என்று 1997ல் கண்டுபிடித்தார்கள். ஆக, நாம அழகுன்னு ரசிக்கிறதுல பாதி, செடிக்கு வந்த சீக்கு!