சிதையும் மருந்துப் பூச்சு: ஸ்டென்ட் தந்த பாடமும் கீழ்க்கால் முறிவின் தேவையும்

உடலுக்குள் வைக்கும் கருவியின் மேல் மருந்து கலந்த பாலிமரைப் பூசி, மருந்து தீர்ந்தபின் அந்தப் பூச்சும் சிதைந்து போகும்படி செய்யும் நுட்பம் இந்தியாவில் பெரும்பாலும் இதய ஸ்டென்ட்டோடு நின்றுவிட்டது. பூச்சு சிதைவது தன்னளவில் ஒரு சிறப்பு அன்று என்பதும், சிதையாமல் எஞ்சினால் என்ன கேடு விளையும் என்பதே அதன் மதிப்பைத் தீர்மானிக்கும் என்பதும் இக்கட்டுரையின் வாதம். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், தமிழகத்தில் இந்த நுட்பம் அடுத்துச் சேர வேண்டிய இடம் விபத்தில் முறிந்த கீழ்க்கால் எலும்பு.

1. ஸ்டென்ட் தந்த பாடம்

ஸ்டென்ட்டில் பூசப்படும் சிரோலிமஸ், ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதை மருந்தாக வளர்த்தெடுத்ததில் பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த சுரேந்திரநாத் சேகலுக்குப் பெரும்பங்கு உண்டு. அம்மருந்து பூசிய சைஃபர் ஸ்டென்ட்டுக்கு 2003-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ரத்தக்குழாய் மீண்டும் அடைபடுவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் மருந்து தீர்ந்த பிறகும் பாலிமர் அங்கேயே தங்கியது. குழாய்ச் சுவர் ஆறத் தாமதமாகி, ஓராண்டு கடந்தும் ரத்தக்கட்டி உருவாகலாம் என்ற அச்சம் 2006-இல் உலகெங்கும் எழுந்தது. சிதையும் பாலிமர் அதற்கான விடையாக வந்தது.

அந்த விடை பாதிதான் சரி. ஜெர்மனியில் 2,603 நோயாளிகளைப் பத்தாண்டு தொடர்ந்த இசார்-டெஸ்ட் 4 ஆய்வில் சிதையும் பூச்சு சைஃபரை முந்தியது. ஆனால் மேம்பட்ட நிலையான பாலிமர் கொண்ட சையன்ஸ் ஸ்டென்ட்டை அதனால் முந்த முடியவில்லை. சூரத்தின் சஹஜானந்த் நிறுவனம் சிதையும் பூச்சுடன் தயாரித்த சூப்ராஃபிளெக்ஸை ஐரோப்பாவில் 1,435 பேரிடம் சையன்ஸோடு ஒப்பிட்ட டேலன்ட் ஆய்விலும் இதே கதைதான்: ஓராண்டு முடிவில் பாதகங்கள் முறையே 4.9 விழுக்காடு, 5.3 விழுக்காடு. ஸ்டென்ட் முழுவதையுமே கரையவிட்ட அப்சார்ப், கூடுதல் ரத்தக்கட்டி ஆபத்து தெரியவந்த நிலையில், 2017-இல் விற்பனையிலிருந்து விலகியது.

2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை ஆணையம் மருந்துப் பூச்சு ஸ்டென்ட்டுக்கு ரூ. 29,600 உச்சவரம்பு விதித்தபோது, நிலையான பூச்சு, சிதையும் பூச்சு, முழுதும் கரையும் ஸ்டென்ட் மூன்றையும் ஒரே வகையில் அடக்கியது. புதுமையைத் தண்டிப்பதாக அப்போது குறை எழுந்தது. மேற்கண்ட முடிவுகளோ ஆணையத்தின் பக்கமே நிற்கின்றன. எஞ்சுவது கேடு தராத இடத்தில் சிதைவுக்கென்று தனி விலை கேட்க நியாயமில்லை.

2. எலும்பில் கணக்கு வேறு

பூந்தமல்லியை ஒட்டிய சென்னீர்குப்பத்தின் அன்றாடம் பெங்களூரு நெடுஞ்சாலையோடும் ஆவடிச் சாலையோடும் பிணைந்தது. கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே இருசக்கர வாகனத்தில் வேலைக்குப் போவோர் நிறைந்த இத்தகைய சாலைகளில், தோல் கிழிந்து எலும்பு வெளித்தெரியும் டிபியா (கீழ்க்கால் எலும்பு) முறிவு எலும்பு மருத்துவர்களுக்குப் பழகிய காயம். இத்தகைய காலைக் காப்பாற்ற முடியுமா என்பதைக் கணிக்கக் கோவை கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன் குழு 2006-இல் வெளியிட்ட மதிப்பெண் முறை உலக அளவில் பேசப்படுகிறது. மதிப்பெண் 14-க்குள் இருந்தால் காப்பாற்றலாம். 17-ஐத் தொட்டால் அகற்றுவதே பெரும்பாலும் நல்லது. காப்பாற்றிய காலுக்கு அடுத்து வரும் எதிரி தொற்று.

முறிந்த எலும்பைப் பிணைக்க அதன் உள்ளே வைத்த ராடின் உலோகப் பரப்பை உடலின் செல்கள் முதலில் பற்றுமா, கிருமிகள் முதலில் பற்றுமா என்ற போட்டி சில மணி நேரத்தில் முடிந்துவிடும். கிருமி வென்று பயோஃபிலிம் என்ற கிருமிப் படலம் படர்ந்துவிட்டால் ஊசி மருந்து பயனளிப்பது கடினம். அந்நிலையில் நம் அறுவை அரங்குகளில் கைப்பக்குவமாக ஒரு வழி உண்டு. 40 கிராம் எலும்பு சிமென்ட் பொடியில் சில கிராம் வாங்கோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கலந்து, பிசைந்து, மார்புக் குழாய்க்குள் நிரப்பி, நடுவே மெல்லிய ராடைச் செருகுவார்கள். இறுகியதும் குழாயைக் கீறி உரித்தால் மருந்துச் சிமென்ட் ராடு தயார். மலிவான, மதிநுட்பமான வழிதான். ஆனால் சிமென்ட் இறுகும் சூட்டைத் தாங்கும் மருந்துகளே இதற்கு உதவும். கலந்த மருந்தில் சிறு பங்குதான் வெளியேறும். மருந்து வற்றியதும் அந்தச் சிமென்டே கிருமி ஒட்டும் பரப்பாகிவிடும். அதை எடுக்க இன்னோர் அறுவை வேண்டும். ரத்தக்குழாயில் அவ்வளவாகப் பொருட்படுத்தத் தேவையில்லாத எச்சம், இங்கே நோய்க்கே இடம் கொடுக்கிறது.

லாக்டிக் அமிலப் பாலிமரில் ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கலந்து மெல்லியதாகப் பூசிய டிபியா ராடு ஐரோப்பாவில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. மருந்தின் பெரும்பகுதி முதல் இரண்டு நாளில் வெளியேற, பூச்சு பின்னர் மெல்லச் சிதைகிறது. செலவுப் பக்கம் பார்த்தால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் தமிழக அரசு விபத்துச் சிகிச்சைச் செலவை ஏற்பது முதல் 48 மணி நேரத்துக்கே. தொற்று தலைகாட்டுவதோ பல வாரம் கழித்து. அப்போது வரும் மறு அறுவையும் இழந்த கூலியும் குடும்பத்தின் தலையில் விழக்கூடும். பூச்சு தடுக்க முயல்வது அந்தப் பிந்தைய செலவைத்தான்.

3. எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் வலுவானது: பூச்சு எதற்கு, மருந்துப் பொடியைக் காயத்தில் தூவினால் போதாதா? அமெரிக்காவில் 980 நோயாளிகளிடம் நடந்த வான்கோ ஆய்வில், வாங்கோமைசின் பொடி தூவியவர்களில் ஆழ்தொற்று 6.4 விழுக்காடு, தூவாதவர்களில் 9.8. அப்பயன் கிராம்-பாசிட்டிவ் கிருமிகளோடு நின்றது. எனவே பூச்சு ராடு வெல்ல வேண்டிய போட்டியாளர் வெறும் ராடு அன்று, மலிவான பொடி. ஐரோப்பியப் பூச்சுக்குச் சாதகமான சான்றுகளும் பெரும்பாலும் சிறு நோயாளித் தொகுப்புகளே.

இரண்டாவது, மருந்துத் தேர்வு. இந்திய மருத்துவமனைகளின் கிளெப்சியெல்லா, அசினிட்டோபாக்டர் கிருமி வகைகளில் பல ஜென்டாமைசினுக்கு அடங்குவதில்லை. ஐரோப்பாவில் தேர்ந்த மருந்தை அப்படியே இங்கு இறக்கினால், குறைந்த அளவில் கசியும் மருந்து எதிர்ப்பாற்றலை வளர்க்கவே உதவும்.

மூன்றாவது, வழங்கல். நம் மருத்துவமனைகளில் ராடுகள் பெரும்பாலும் கிருமி நீக்காத தட்டுகளில் வந்து, 121 பாகை நீராவியில் ஆட்டோகிளேவ் ஆகின்றன. பூச்சுக்கான லாக்டிக் அமில வகைப் பாலிமர்கள் 50 பாகையை ஒட்டிய சூட்டிலேயே இளகத் தொடங்கும். மே மாத வெயிலில் மூடிய வண்டிக்குள் இந்தச் சூடு அரிதன்று. ஆகவே பூச்சு ராடு எத்திலீன் ஆக்சைடு போன்ற சூடு குறைந்த முறையில் கிருமி நீக்கி, தனித்தனியாகப் பொதிந்து, சூடு படாமல் வர வேண்டும். ஒவ்வோர் அளவு ராடுக்கும் காலாவதித் தேதி இருக்கும். விலையை உண்மையில் ஏற்றுவது பூச்சைவிட இந்தக் கையிருப்புச் சுமைதான்.

4. முடிவு

இந்த எதிர்வாதங்கள் நுட்பத்தை மறுக்கவில்லை. அதற்கான நிபந்தனைகளை வகுக்கின்றன. நுண்பூச்சுத் திறன் சூரத்தில் நிரூபணமாகிவிட்டது. ஒரகடத்தில் மருத்துவக் கருவிப் பூங்காவும் திட்டமிடப்பட்டுள்ளது. தேவைப்படுவது வெறும் ராடு, பொடியுடன் ராடு, பூச்சு ராடு மூன்றையும் தமிழக விபத்துச் சிகிச்சை மையங்களில் ஓராண்டு ஒப்பிடும் ஆய்வு. பூச்சின் மருந்தை உள்ளூர்க் கிருமிகளின் பரிசோதனைப் பதிவே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஆய்வில் பூச்சு பொடியை வென்றால், ஸ்டென்ட்டுக்கு மறுத்த தனி விலையை இதற்குக் கொடுத்து, காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ப்பது நியாயம். தோற்றால், பொடியை எல்லா விபத்துப் பிரிவுகளுக்கும் கொண்டுசேர்ப்பதில் அந்தப் பணத்தைச் செலவிட வேண்டும்.