உலர் பாறையும் மன்னார் வளைகுடாவும்

உலர் பாறை என்பது கடல்நீர் மீன்தொட்டிகளில் அடுக்கப்படும், உயிரற்ற, நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புக் கல் ஆகும். பழைய பவளப்பாறைத் துண்டுகளும், சிமெண்டைக் கொண்டு செய்யப்படும் செயற்கைக் கற்களும் இதில் அடங்கும். மதுரை கடலற்ற நகரம். எனினும் ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவில் மண்டபமும் மன்னார் வளைகுடாவும் இருப்பதால், இக்கல்லின் வரலாறு மதுரை வட்டாரத்துக்கும் நெருக்கமானது.

மீன்தொட்டியின் தொடக்கம்

1853-இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. சென்னைக் கடற்கரையில் 1909-இல் ஒரு மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. 1961-இல் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைகளைத் தொட்டியில் வைத்து மீன் வளர்க்கும் முறையைக் கட்டுரையாக எழுதினார். அதன்பின் தொட்டியில் பாறை வைப்பது பரவலாயிற்று. பாறைகளுக்காகப் பவளத் திட்டுகளைச் சுரண்டுவதைத் தவிர்க்கவே உலர் பாறை பயனுக்கு வந்தது.

மன்னார் வளைகுடாவில் பவளக்கல்

இக்கடலின் பாறைத் திட்டுகளை மீனவர்கள் 'பார்' என்பர். 20-ஆம் நூற்றாண்டில் மண்டபம், தூத்துக்குடி பகுதிகளில் பவளக்கற்கள் கட்டடத்துக்கும், சுண்ணாம்புச் சூளைகளுக்கும், தொழிற்சாலைகளுக்கும் உடைத்து எடுக்கப்பட்டன. அலைகளைத் தடுத்து நின்ற பார்கள் அழிந்ததால் தீவுகளின் கரை அரிக்கப்பட்டது. இங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் நீருக்குள் மூழ்கின. தூத்துக்குடி அருகிலுள்ள வான் தீவும் பெருமளவு சுருங்கியது. அதைக் காக்கச் செயற்கைப் பாறைக் கட்டைகள் கடலில் இறக்கப்பட்டன.

1986-இல் இத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம் அமைந்தது. 2001-இல் பார் கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஆகவே அவற்றை உடைத்தெடுப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றம். கரையில் கிடந்தது என்பதற்காகவும் பவளக்கல்லை எடுத்து வரலாகாது.

கருங்கல் ஏன் உதவாது?

மேலூர்ப் பக்கத்துக் கருங்கல் இறுக்கமானது. அதில் நுண்துளை மிகக் குறைவு. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லின் பரப்பிலும் துளைகளிலும் ஒட்டி வாழ்கின்றன. இவ்வகை பாக்டீரியாக்களை 1890-ஆம் ஆண்டளவில் விநோகிராட்ஸ்கி பிரித்தறிந்தார். பரப்பு மிகுந்த சுண்ணாம்புக் கல்லில் இவை பெருகுகின்றன. அக்கல் நீரின் காரத்தன்மையைத் தாங்கவும் ஓரளவு உதவுகிறது.

தூய்மை செய்யும் முறை

செயற்கை உலர் பாறையானாலும் பழைய தொட்டியின் கல்லானாலும் முறை ஒன்றே. முதலில் காய்ந்த பாசி, புழு, மண் ஆகியவற்றைத் தூரிகையால் தேய்த்து நீக்க வேண்டும். பிறகு நீர்த்த பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து, பலமுறை நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவிட வேண்டும். மதுரைக் கோடை வெயில் இதற்கு நன்கு உதவும். குளோரின் வாடை முற்றிலும் போகும்வரை கல்லைத் தொட்டியில் இடக்கூடாது. மேற்பரப்பில் படிந்த பாஸ்பேட்டைக் கரைக்கச் சிலர் நீர்த்த அமிலம் பயன்படுத்துவர். அமிலத்தையும் பிளீச்சிங்கையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சேர்ந்தால் நச்சுள்ள குளோரின் வாயு வெளிப்படும். சிமெண்டால் ஆன கல்லாயின், காரம் குறையும்வரை பல வாரம் நீரில் ஊறவைத்து நீரை மாற்ற வேண்டும்.

பின்னர் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கடல் உப்புக் கலந்த நீரில் கல்லை இட்டு, பம்பு மூலம் நீரை ஓடவிட வேண்டும். பாக்டீரியாக்களுக்கு உணவாகச் சிறிதளவு அம்மோனியா சேர்க்கலாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூச்சியமாக வந்த பின்னரே மீன் விட வேண்டும். இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். இடையில் அவசரப்பட்டு மீன் விட்டால் அம்மோனியா நச்சால் அது இறந்துவிடும்.

முக்கியத்துவம்

ஒரு பவளக் கூட்டம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவே வளர்வதுண்டு. பார் ஒன்று உருவாக நூற்றாண்டுகள் ஆகின்றன. தொட்டிக்குத் தேவையான துளைகளும் பரப்பும் செயற்கைக் கல்லிலும் கிடைக்கும். ஆனால் ஒருமுறை மூழ்கிய தீவு எளிதில் மீளாது.