வெள்ளியின் வானமும் அரியலூர்ப் பாறையும்

பூமியும் வெள்ளியும் உருவத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். பூமியின் விட்டம் சுமார் 12,740 கிலோமீட்டர், வெள்ளியினுடையது 12,100. இந்த ஒற்றுமையும், வெள்ளியை எப்போதும் போர்த்தியிருக்கும் மேகங்களும் சேர்ந்து அறிவியலாளர்களையே நெடுங்காலம் ஏமாற்றின. வேதியியலில் நோபல் பரிசு பெற்ற ஸ்வீடன் நாட்டு ஸ்வாந்தே அரீனியஸ், முதல் உலகப் போர்க் காலத்தில், அங்கே ஈரம் சொட்டும் சதுப்பு நிலங்கள் இருக்கும் என்றே எழுதினார். 1962 டிசம்பரில் மாரினர் 2 விண்கலம் வெள்ளியைக் கடந்தபடி வெப்பத்தை அளந்ததும் அந்தக் கற்பனை கலைந்தது. 1970இல் வெனேரா 7 தரையிறங்கி, அங்கிருந்து 23 நிமிடங்கள் சமிக்ஞை அனுப்பியது. அடுத்தடுத்துப் போன கலங்களின் அளவீடுகளும் சேர்ந்து உண்மையைத் தெளிவாக்கின: ஈயம் உருகி ஓடும் சூடு, ஏறத்தாழ 465 டிகிரி செல்சியஸ், பூமியைப்போல 90 மடங்கு காற்றழுத்தம், காற்றில் 96 விழுக்காடு கரியமில வாயு.

சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் சுடுகிறது என்று பலரும் சொல்வார்கள். பாதிகூடச் சரியில்லாத விளக்கம் இது. வெள்ளியைவிடச் சூரியனுக்கு நெருக்கமான புதனின் பகல் வெப்பமே 430 டிகிரியைத்தான் தொடுகிறது. வெள்ளிக்குக் கிடைக்கும் ஒளி பூமிக்குக் கிடைப்பதைப்போல இரு மடங்குக்குச் சற்றே குறைவு என்பது உண்மை. ஆனால் அதன் கந்தக அமில மேகங்கள் அதில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. கணக்குப் பார்த்தால், இன்று வெள்ளி ஏற்கும் சூரிய ஆற்றல் பூமி ஏற்பதைவிடக் குறைவு. வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்திருப்பது அந்தக் கரியமில வாயுப் போர்வைதான். அப்படியானால், அதே மூலப்பொருள்களிலிருந்து உருவான பூமியின் கரியமில வாயு எங்கே போயிற்று?

அது நம் காலடியில் இருக்கிறது. அரியலூர் மாவட்டத்துக் கல்லங்குறிச்சியில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் சுவரைப் பார்த்தால், தடித்த சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகப் புதைந்திருப்பது தெரியும். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அந்தக் கல்லில் ஒரு துளி அமிலம் விட்டால் நுரைத்துப் பொங்கும். குமிழ்களில் வருவது கரியமில வாயு. சிமென்ட் சூளையில் ஒரு டன் தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 440 கிலோ வாயுவாகவே போய்விடும். கல்லின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு அது. மழைநீரில் கரைந்த கரியமில வாயு பாறையை அரிக்கிறது, அரித்த சுண்ணாம்புச் சத்தை ஆறுகள் கடலில் சேர்க்கின்றன, சிப்பியும் பவளமும் நுண்ணுயிர்களும் அதை ஓடாக்குகின்றன. உலகெங்கும் இப்படிப் பாறையில் அடைபட்ட கரியமில வாயு, வெள்ளியின் வானத்தில் மிதப்பதற்கு ஏறக்குறைய ஈடானது என்பது புவியியலாளர்களின் மதிப்பீடு. பூமியின் தனித்தன்மை அதன் பொருளில் இல்லை, அந்தப் பொருள் போய்ச் சேர்ந்த இடத்தில் இருக்கிறது என்பதே என் வாதம்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. வெள்ளியில் கடலே உருவாகவில்லை, ஆதியிலிருந்தே நீர் ஆவியாகத்தான் இருந்தது என்று சில அண்மைக் கணினி மாதிரிகள் காட்டுகின்றன. அது சரியானால் தூரமே தீர்ப்பு எழுதியது என்றாகிவிடாதா? தொடக்கத்தில் ஆமாம், நீர் மழையாகப் பெய்ய இடமளித்தது பூமியின் இருப்பிடம்தான். ஆனால் தூரம் மட்டும் போதுமென்றால் செவ்வாய் தப்பியிருக்க வேண்டும். அங்கே ஆறுகள் ஓடிய தடங்கள் இன்றும் இருக்கின்றன. கரியமில வாயு அடைபட்ட கார்பனேட் பாறைகளை அங்கே இறங்கிய ஸ்பிரிட் ஊர்தி கண்டறிந்தது. நீர் இருந்தும் செவ்வாய் நிலைக்கவில்லை. பூமியின் எடையில் பத்தில் ஒரு பங்கே உள்ள அக்கோள் உள்ளே விரைவில் குளிர்ந்தது, காந்தப்புலத்தை இழந்தது, காற்றின் பெரும்பகுதி விண்வெளிக்குக் கசிந்தது. பாறையில் அடைபட்டதைத் திரும்பக் கொண்டுவரும் எரிமலைகளும் ஓய்ந்தன. பூமியில் மட்டும் நிலத்தட்டுகள் கடலடிச் சுண்ணாம்பை ஆழத்துக்கு இழுத்துச் செல்கின்றன, எரிமலைகள் அதில் ஒரு பகுதியை வாயுவாகத் திருப்பித் தருகின்றன. சூடு கூடினால் மழையும் அரிப்பும் கூடி வாயு குறையும். குளிர் கூடினால் அரிப்பு தளர்ந்து வாயு சேரும். சுமார் 70 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி ஏறத்தாழ முழுவதும் பனியில் உறைந்தபோதும், எரிமலைகள் விட்ட கரியமில வாயு சேர்ந்து சேர்ந்துதான் அந்தப் பனியை உருக்கியது.