பூமியின் வேகம் (கிருஷ்ணன்கோவிலிலிருந்து)

விருதுநகர் மாவட்டத்துக் கிருஷ்ணன்கோவில், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9.6 பாகையில் உள்ளது. பூமியின் தற்சுழற்சியால் இவ்வூர் மணிக்குச் சுமார் 1,650 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கி நகர்கிறது. நிலநடுக்கோட்டில் இது 1,674, சென்னையில் ஏறக்குறைய 1,630, துருவங்களில் சுழி. வேகம் சீராக இருப்பதாலும், காற்றும் நிலமும் சேர்ந்தே சுழல்வதாலும் நம் உடல் இதை உணர்வதில்லை. மாலையில் சூரியன் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பின் இறங்குவதாகத் தோன்றும்போது உண்மையில் மேலெழுவது மலைதான். ஓடும் படகில் இருப்பவருக்குக் கரை பின்னோக்கிச் செல்வதுபோல் தெரிவதை உவமையாக்கி, ஆரியபட்டர் கி.பி. 499-இலேயே இதை விளக்கினார். வியக்கத்தக்க துணிவு அது.

விண்மீன்களை வைத்து அளந்தால் ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகிறது.

சூரியனைச் சுற்றும் வேகமோ விநாடிக்குச் சராசரி 29.8 கிலோமீட்டர். கிருஷ்ணன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் தூரத்தைவிட இது அதிகம். பாதை நீள்வட்டம் என்பதால் ஜனவரி தொடக்கத்தில் 30.3 ஆகவும், ஜூலை தொடக்கத்தில் 29.3 ஆகவும் மாறும். தமிழ் நாட்காட்டியிலேயே இதன் தடம் உண்டு: ஆண்டாளின் மார்கழி பெரும்பாலும் 29 நாளில் முடிந்துவிடும், ஆனி 32 நாள்வரை நீளும். பூமி விரைந்து கடக்கும் ராசிக்கு நாள் குறைவு.

சூரியக் குடும்பம் முழுவதும் பால்வீதியின் மையத்தை விநாடிக்குச் சுமார் 230 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிவருகிறது. ஒரு சுற்று முடிய இருபது கோடி ஆண்டுகளுக்கு மேலாகும்.