பெருந்தொற்றும் காசநோய் கண்டறிதலும்: வேலம்பாளையம், திருப்பூர்

பெருந்தொற்றுக் காலத்தில் காசநோயாளிகள் குறைவதில்லை; கண்டுபிடிக்கப்படுவோர்தான் குறைகிறார்கள். இந்தியாவில் 2019-இல் சுமார் 24 லட்சம் பேருக்குக் காசநோய் பதிவானது. கோவிட் பரவிய 2020-இல் அது சுமார் 18 லட்சமாகச் சரிந்தது. உலகம் முழுவதும் அந்த ஆண்டு ஏற்பட்ட சரிவில் ஐந்தில் இரண்டு பங்கு இந்தியாவினுடையது. பத்தாண்டுக்கும் மேலாக இறங்கிவந்த உலகக் காசநோய் இறப்பும் அப்போது மீண்டும் ஏறியது.

15 வேலம்பாளையம், 2011-இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்த பழைய நகராட்சி. பனியன் கம்பெனிகளுக்கு நடுவே லைன் வீடுகளில் தொழிலாளர்கள் வாழும் வட்டாரம் இது. ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமைச் சம்பளம் என்று ஓடுகிறவருக்குச் சளிப் பரிசோதனை சாதாரண நாளிலேயே சிரமம்தான்: போன அன்று ஒரு மாதிரி, மறுநாள் காலை எழுந்ததும் துப்பிய சளி இன்னொரு மாதிரி. வேலை நேரம் போனால் கூலியும் போகும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பஸ்ஸும் நின்றது. மே மாதத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் சிறப்பு ரயில்களில் ஊர் திரும்பினர். ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவருக்கு அரசின் காசநோய்ப் பதிவேடான நிக்‌ஷயில் பதிவாவது உண்டு. எந்த ஊரிலும் அதைக் காட்டி மாத்திரை கேட்கலாம். இருமலோடு மட்டும் ரயிலேறியவரைத் தேட ஒரு சீட்டுகூடக் கிடையாது. காசநோயைக் கண்டறியும் ட்ரூநாட், சிபிநாட் கருவிகளும் ஆய்வக ஊழியர்களும் கோவிட் வேலைக்குத் திருப்பப்பட்டது இன்னொரு அடி.

கம்பெனிகள் மறுபடி திறந்தபோது வாசலில் காய்ச்சல் பார்த்துத்தான் ஆளை உள்ளே விட்டார்கள். காசநோய்க் காய்ச்சலோ பெரும்பாலும் சாயங்காலம் லேசாக ஏறுவது. காலையில் நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானியில் சிக்காது. இருமினால் தனிமைப்படுத்திவிடுவார்கள் என்ற பயம் வேறு. சில நாளில் தெரிந்துவிடும் நோய்க்கு வைத்த சல்லடை, வாரக்கணக்கில் இருமவைக்கும் நோயை நழுவவிட்டது.

கோவிட் சந்தேகத்தோடு வருவோரிடம் காசநோயையும் பாருங்கள் என்று மத்திய சுகாதாரத் துறை 2020 ஆகஸ்டில் வழிகாட்டியது. சரியான யோசனை, ஐந்து மாதம் தாமதம். 2022-இல் பதிவு மீண்டும் 24 லட்சத்தைத் தொட்டது. ஆனால் தாமதமாகச் சிக்கியவர் பலவீனப்பட்டே வருவார். தமிழ்நாடு அதே ஆண்டு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இத்தகையவர்களைக் குறிவைத்தது. நோய் உறுதியானதுமே உயரத்துக்கேற்ற எடை, மூச்சு வேகம், கால் வீக்கம், துணையின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, நிலை மோசமானவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு அறிமுகமான ஆக்சிஜன் மானியும் அந்தச் சோதனையில் இருக்கிறது.