கொல்லன் தன் கருவியைத் தானே செய்த வரலாறு

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அமைந்தது செண்பகத்தோப்பு. அங்கு வாழும் பளியர், காட்டுவள்ளிக் கிழங்கு அகழும் கோலின் நுனியில் இரும்பு முனை பொருத்திக் கொள்வர். அவர் உலை வைத்து இரும்படிக்கும் வழக்கமுடையரல்லர். ஆகவே அம்முனையும் அவர்தம் அரிவாளும் சமவெளிக் கொல்லன் வடித்தனவே. உழவர்க்குக் கொழு, தச்சர்க்கு உளி, பளியர்க்குக் கோல்முனை என யாவர்க்கும் கருவி அளித்த அவனுக்குக் கருவி அளித்தவர் யாவர்? பிறர் ஒருவருமிலர், தானே செய்துகொண்டான். நம் தொழிலின் தனிச்சிறப்பு இஃதென்பதே எமது துணிபு.

ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ என்பார் அகழ்ந்தபோது வாளும் வேலும் மண்வெட்டியும் வெளிப்பட்டன. 2025-இல் தமிழக அரசு வெளியிட்ட ஆய்வோ, சிவகளை இரும்பின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டிற்கே கொண்டு செல்கின்றது. வேல் வடித்துக் கொடுத்தலைக் கொல்லன் கடமையெனப் புறநானூற்றில் பொன்முடியார் பாடினார். வேலைப் பாடினார் பலர். அதனைப் பற்றிய குறட்டைப் பாடுவார் அரியர். எனினும் மொழி அதனை மறந்திலது. கொடிறு என்னும் சொல் தாடையையும் குறிக்கும், பற்றுக்குறட்டையும் குறிக்கும். அப்பெயரிட்டவர் உலையருகே நின்று கண்டவராதல் வேண்டும்!

குறடு செய்யும் முறை காண்க. இரு கம்பிகளைக் காய்ச்சி, வாய்ப்புறம் தட்டையாக்கி, துளையிட்டு, ஆணி கடாவி இறுக்குவர். ஆணி செந்நிறம் ஆறுமுன்னரே கைப்பிடிகளை விரித்து மடக்கி அசைத்தல் வேண்டும். தவறின் மூட்டு இறுகி வாய் திறவாது. சம்மட்டிக்குக் காம்புத்துளை இடுங்கால், இருபுறமும் மாறிமாறி உளியை இறக்கி, பின்னர் ஆப்பினால் விரிப்பர். அதனால் இரும்பு பெரிதும் சிதையாது துளையைச் சுற்றி ஒதுங்கி நிற்கும்.

உளிக்குத் தோய்ச்சல் இடுவதே அரிது. நுனியைச் செக்கச்சிவக்கக் காய்ச்சி, முனையை மட்டும் நீரில் தோய்த்து, கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்குவர். உடலில் எஞ்சிய வெம்மை முனைநோக்கி ஓட, வைக்கோல் மஞ்சளும் பழுப்பும் ஊதாவும் நீலமும் நிரலே தோன்றும். ஊதா முனையை அடைந்த கணமே மீண்டும் நீரில் இடல் வேண்டும். மஞ்சளில் நிறுத்தின் அடிபட்டு உடையும். நீலம் கடந்தால் மழுங்கும். அவ்வூதா ஏறத்தாழ 280 பாகை வெம்மைக்குரியது. அதனை அளந்தது கொல்லன் கண்ணே.

இத்தொழிலுக்கு இடர் வந்தது கரியினால். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டத்தின் பின், காட்டில் மரம் வெட்டிக் கரி சுடுதல் அரிதாயிற்று. கப்பலில் வந்த இரும்போ மலிந்தது. இரும்பு உருக்கும் உலைகள் அவிந்தன. செண்பகத்தோப்புக் காடும் 1988-இல் அணிற் சரணாலயமாயிற்று; 2021-இல் புலிகள் காப்பகத்துள் அடங்கிற்று. காடு காக்கப்படுதல் நன்றே. அதனை யாம் குறை கூறோம். தாது உருக்கும் வித்தையை இழந்த கொல்லன், தேய்ந்த அரத்தையும் வண்டி வில்லையும் காய்ச்சிக் கருவி வடிக்கும் வித்தையை விட்டிலன். இப்பொழுது அதுவும் நெகிழ்கின்றது. கடையில் குறடு கிடைக்கின்றது. பாட்டன் செய்த குறடு பழைய இரும்பாக எடைக்குப் போகின்றது.

அன்பர்கள் தத்தம் இல்லத்துப் பழங்கருவிகளை விற்குமுன், அவற்றின் பெயரையும் செய்முறையையும் முதியோர்பால் கேட்டெழுதி இவ்விதழுக்கு விடுக்க வேண்டுகின்றோம்.